கருவேலம்பட்டையும் வீங்கிய கன்னமும்

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் கிருமி ஆய்வு செய்கிறேன். பல்லைச் சொத்தையாக்கும் பாக்டீரியாவைக் கருவேலம்பட்டைச் சாறு அடக்குமா என்று பார்க்க, புதுப் பட்டை தேவைப்பட்டது. போன தை மாதம் ஒரு காலையில் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினேன். திருவள்ளூரை ஒட்டிய திருப்பாச்சூரில் பட்டை எடுத்து, மதியமே கும்மிடிப்பூண்டி போய்விடத் திட்டம். அங்கே மூலிகைச் சாறு எடுக்கும் சிறு ஆலையில் என் தோழி மெர்சி வேலை செய்கிறாள். அன்று ஒருநாள் மட்டும் எனக்கு மிஷின் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் செல்வத்தின் ஆட்டோ கிடைத்தது. போக வர, காத்திருப்போடு முந்நூறு ரூபாய். தெரிந்தவர் நிலத்தில் பட்டை உரித்தேன். (மரத்தைச் சுற்றி முழுக்க உரிக்காதீர்கள், பட்டுப்போகும்.)

"இத்த வச்சிக்கினு இன்னா மேடம் பண்ணுவீங்க?" என்றார் செல்வம்.

"பல்லுல கிருமி ஒட்டாம இது தடுக்குதான்னு பாக்கணும்."

"அப்ப எனக்கு ஒரு துண்டு குடுங்க. ரெண்டு நாளா பல்வலி, பேஜாரு. கிராம்பு வச்சும் அடங்கல. நாஷ்டா கூட துன்ல."

அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். இடது கன்னம் தாடைக்குக் கீழே வரை வீங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது.

"இதுக்குப் பட்டை உதவாது. உள்ள சீழ் கட்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"உங்க ரயிலு?"

"அடுத்ததுல போறேன்."

அரசு மருத்துவமனையில் சீழை வடித்தார்கள். "கழுத்துக்கு எறங்கியிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்" என்றார் டாக்டர். செல்வத்தின் மனைவி வந்து சேரும் வரை இருந்துவிட்டு, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது ஷிப்ட் முடிந்து கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது.

மெர்சி ஆலை வாசலிலேயே நின்றாள். "மிஷின காலியா வச்சிக்கினு சூப்பர்வைசராண்ட திட்டு வாங்கினேன். சீக்கிரம் வாடி!"

அந்த வாரமே சோதனைத் தட்டில் பார்த்தேன். சாறு விட்ட இடத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான ஒரு வட்டம். மருந்துக்கடை வாய்கொப்பளிப்பான் தந்ததைவிடச் சிறியதுதான். ஆனாலும் வட்டம் வட்டம்தான். இந்தப் பட்டையில் விஷயம் இருக்கிறது.

நீங்களும் பட்டை தேடிப் போவதானால் தையில் போங்கள், வெயிலைத் தாங்கலாம். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு பஸ்ஸைவிட ரயிலே நிம்மதி. வேலங்குச்சியால் தாராளமாகப் பல் துலக்குங்கள். ஆனால் கன்னம் வீங்கினால் குச்சியைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.