குடை ஆல்பத்துக்கு ஏழாம் இடம்

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். வரிசையில் யாராவது குறுக்கே நுழைந்தால் போதும், பால்காரன் பையைக் கதவில் மாட்டாமல் தரையில் வைத்தால் போதும். ஆனால் ஒரு விஷயத்துக்கு வரும் கோபம் மட்டும் தனி ரகம். கடல் கடந்த ஊரில் பிறந்து, கிடாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பாடி உலகப் புகழ் பெற்ற ஒரு ராக் பாடகர் இருக்கிறார். அவருடைய குடை ஆல்பத்தை யாராவது "அவரோட பெஸ்ட்" என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறிவிடும்.

குடை ஆல்பம் என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் வீட்டில் அவருடைய ஆல்பங்களுக்கெல்லாம் அட்டைப் படம்தான் பெயர். இதன் அட்டையில் மழை கொட்டுகிறது, மனிதர் மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நனைகிறார். உலகத்திலேயே அதிகம் விற்றது அதுதான். ஆட்டோவில் ஒலிக்கும், சலூனில் ஒலிக்கும், அவருடைய வேறு ஒரு பாட்டைக் கூடக் கேட்காதவன் அதைக் கேட்டுவிட்டு ரசிகன் என்று சொல்லிக்கொள்வான். அவர் போட்டது மொத்தம் ஒன்பது. என் கணக்கில் முதலிடம் ஏணி ஆல்பத்துக்கு. அதை யாருமே வாங்கவில்லை என்பது அதற்குக் கூடுதல் பெருமை. குடைக்கு ஏழாம் இடம். எட்டும் ஒன்பதும் அவருக்கே ஞாபகம் இருக்காது, அவ்வளவு கண்றாவி. புனே பக்கம் சாங்வியில் எங்கள் ஃப்ளாட் கூடத்து அலமாரியில் கேசட்டும் சிடியுமாக ஒன்பதையும் இந்த வரிசைப்படிதான் அடுக்கி வைத்திருந்தேன். தூசி தட்டினாலும் வரிசை மாறக்கூடாது.

என் வீட்டுக்காரர் போசரியில் ஒரு தொழிற்சாலையில் சரக்கைப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் என்று முத்திரை குத்துகிற வேலையில் இருந்தவர். அவருக்கு இதெல்லாம் புரியாது. "இத்தனை கோடிப் பேர் வாங்கியிருக்கான். ஒருத்தனும் திருப்பிக் கொடுக்கலை. அப்புறம் என்ன, பாஸ்தானே?" என்பார். அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று நான் வங்கி வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

போன வருஷம் மகள் ஒரு பையனைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். சாகணில் கார் தொழிற்சாலையில் இன்ஜினியர். கோயம்புத்தூர்க் குடும்பம், புனே வந்து வெகுகாலம் ஆகிறது. நல்ல பையன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "பாட்டெல்லாம் கேப்பானா?"

"அவன் எதுவும் கேக்கமாட்டான் அம்மா. ரோடுல ஹார்ன் அடிச்சாக்கூட கேக்காது" என்றாள் மகள், ஒரே மூச்சில்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் அவளுடைய ஆபீஸ் தோஸ்த் ஒருத்தன் சாப்பிட வந்து, குடையைப் புகழ்ந்து வாயைத் திறந்தான். இட்லி ஆறி, சட்னி காய்ந்து போகிற வரைக்கும் நான் விளக்கினேன். அவன் அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

பையனின் அப்பா அம்மா வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் சமையலறைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஒரே ஒரு சண்டே, ப்ளீஸ். அந்த ஆளைப் பத்தி வாயே திறக்காதே. எனக்கு இவன்தான் வேணும். நீ கெடுத்துடாதே, அவ்வளவுதான்." கண்ணில் தண்ணீர் நின்றது. கேசரி கிளறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது எனக்கு. பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு நானே ஆபத்தா? மனசு வலித்தது. அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துகொடுத்தேன். வெளியே வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் அலமாரியைப் படுக்கை விரிப்பால் மூடி, மேலே பிள்ளையாரையும் எடுத்து வைத்திருந்தார். பிள்ளையார் இருந்தால் நான் துணியைத் தூக்கமாட்டேன் என்று நம்பிக்கை.

வந்தார்கள். பையனின் அம்மா சிரித்த முகம். அப்பா கம்பி மீசை, ரிட்டையர் ஆன இன்ஜினியர், பேச்சே இல்லை. பஜ்ஜி சாப்பிட்டோம். சாலையைத் தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினோம். மறுபடியும் சாலைக்கு வந்தோம். பெரியவர் கண் மட்டும் அடிக்கடி அந்தப் படுக்கை விரிப்பின் பக்கம் போனது. அவர் வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் பையன் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதிப்பதை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு கல்யாண லான், திறந்தவெளி மண்டபம், இருக்கிறது. முகூர்த்த நாளென்றால் மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். அன்றைக்கும் வந்தது. பேண்டுக்காரர்கள் இரண்டு மராத்திப் பாட்டு வாசித்தார்கள். சரியாக எங்கள் கேட்டுக்கு முன்னால் குதிரை நின்றது. டிரம்பட்காரர் மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்தார் பாருங்கள், குடை ஆல்பத்தின் முதல் பாட்டு! தாஷா, டோல் என்று மேளங்களும் சேர்ந்துகொண்டன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தேன். சத்தியம், சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டங்கென்று காபி டம்ளரை வைத்தார் பெரியவர். "இந்தக் கருமம் இங்கயும் வந்துருச்சுங்களா!"

"அப்பா!" என்றான் பையன்.

"அட போடா. வாயே திறக்கக்கூடாதுன்னு இவன் சத்தியம் வாங்கிட்டானுங்க. அதுக்குன்னு எம்புட்டு நேரம் பொறுத்துக்கறது?"

நான் எழுந்தே விட்டேன். "உங்களுக்கும் பிடிக்காதுங்களா?"

"அம்மா!" என்றாள் மகள்.

யார் கேட்டார்கள்? பிள்ளையாரைப் பயபக்தியோடு எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் துணியை உருவினேன். பெரியவர் அலமாரியின் முன்னால் வந்து நின்று, ஏணி முதலில் இருப்பதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கும் ஏணிதான் முதல். இரண்டாவதும் ஒத்துப்போனது. மூன்றுக்கும் நான்குக்கும் கொஞ்சம் இழுபறி, அதுவும் மரியாதையான இழுபறி. பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே போய் இன்னொரு தட்டுக் கேசரி கொண்டுவந்தார். கல்யாணம் முடிந்த மாதிரிதான். அந்தச் சந்தோஷத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"குடையை எத்தனாவது வைப்பீங்க?" என்றேன்.

"ஒம்பதுங்க. கடைசி."

"கடைசியா?"

"பத்தாவதுன்னு ஒண்ணு இருந்தா பத்தாவதுங்க. சோப்பு விக்கற பாட்டுங்க அது. காது இருக்கறவன் கேப்பானா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "யாருக்குங்க காது இல்லை? கடைசி ரெண்டும் தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்கு, அதுக்கும் கீழயா குடை? நாங்க இந்த ஊருக்கு வந்தப்போ இவருக்குப் போசரியில நைட் ஷிஃப்ட். எனக்கு ஒரு வார்த்தை ஹிந்தி வராது. பக்கத்து வீட்ல பேச ஆள் கிடையாது. கைக்குழந்தை, எந்நேரமும் வீல் வீல்னு அழும். வீட்ல இருந்தது ஒரே ஒரு கேசட், இந்தக் குடை. இதோட ரெண்டாவது பக்கம் முதல் பாட்டைப் போட்டாத்தான் இவ தூங்குவா. இவ தூங்கினாத்தான் நான் ஒரு வாய் சாப்பிடுவேன். டேப் இழுத்துக்கிட்டா பென்சிலை விட்டுச் சுத்திச் சுத்திப் போட்டேன். அதைக் கடைசியில வைக்க நீங்க யாருங்க?"

வெளியே பேண்டு நகர்ந்து போயிருந்தது. என் கையில் அலமாரியிலிருந்து உருவிய படுக்கை விரிப்பு. கெடுத்துவிட்டேன், ஐயோ, நானே கெடுத்துவிட்டேன்.

மகள் முகத்தை மூடியிருந்த கையை எடுத்தாள். "அம்மா, நீ எப்பவும் அது ஏழாவதுன்னுதானே சொல்வே?"

"ஏழாவதுதான்டி! ஏழுக்கும் ஒம்பதுக்கும் வித்தியாசம் தெரியாதா? பாங்க்காரி பெத்த பொண்ணா நீ?"

"நான் அதைக் கேட்டா தூங்குவேன்? நீ சொன்னதே இல்ல."

மூக்கை உறிஞ்சினேன்.

பெரியவர் செருப்பைத் தேடுகிறவர் போல வாசல் பக்கம் பார்த்தார். பையனின் அம்மாதான் பேசினார். "ஏனுங்க, உக்காருங்க முதல்ல." அவர் உட்கார்ந்தார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "எனக்கு அந்தப் பாட்டுன்னா உசுருங்க. இவர் ஊட்ல இருந்தாப் போட உடமாட்டார். காய் வாங்கப் போனாருன்னாத்தான் போடுவேன். இனி உங்க பொண்ணு வந்துட்டா எனக்கும் ஒரு ஆள் ஆச்சு" என்றார். பிறகு கணவரிடம், "என்னங்க, ஒம்பதேதானா?"

பெரியவர் மீசையை நீவினார். ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார்.

"சரிங்க. எட்டு."

"பாஸ்" என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதேன், அதையும் சிரிப்போடு சேர்த்துக்கொண்டார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மகள் மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போது பெட்டியில் புடவைக்கு நடுவில் அந்தக் கேசட்டைச் செருகினாள். அங்கே அதைப் போட டேப் ரிக்கார்டர் கூடக் கிடையாது. "எடுத்துட்டுப் போறேன் அம்மா, சலேகா? பரவாயில்லையா?" என்றாள். "தாராளமா எடுத்துக்கோ. ஏழாவதுதானே" என்று சொல்லிவிட்டு, நான் அவசரமாக எதையோ தேடுவது போல உள்ளே போய்விட்டேன்.

என் தீர்ப்பில் மாற்றமில்லை. யார் கேட்டாலும் ஏழுதான். நேற்று என் வீட்டுக்காரர் தூசி தட்டும்போது எட்டையும் ஒன்பதையும் தள்ளி, ஆறுக்குப் பக்கத்தில் குடை இருந்த காலி இடத்தை மூடப் பார்த்தார். கையிலேயே ஒன்று போட்டேன்.