மாமியாரின் ஆயுசுப் படம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் போய் வேலையைப் பாருங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. 1996 டிசம்பர் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது இது. நடந்தது எனக்கு. என் பெயர் சூனிம். கொரியாவில், காங்வொன் மலைப்பக்கம் ஒரு நிலக்கரி ஊரில் வாழ்க்கைப்பட்டவள். பேய் பிசாசு என்று எவராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான்.

என் மாமியார் ஒக்ரேதான் எங்கள் ஊரின் ஒரே போட்டோக்காரி. மாமனார் சுரங்கத்தில் இறந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள். புருஷன் விட்டுப்போன கேமராவைக் கையில் எடுத்தவர், நாற்பத்தேழு வருஷம் கீழே வைக்கவில்லை. ஊரில் பிறந்த குழந்தை, கட்டிய கல்யாணம், எல்லாம் அவர் கண் வழியாகத்தான் போயிருக்கிறது. தான் சாப்பிட்டாரோ இல்லையோ, எங்கள் எல்லார் வயிறும் நிறைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

எங்கள் பக்கம் அறுபது தாண்டினால் ஆயுசுப் படம் எடுத்து வைத்துவிடுவோம். சாவன்று பூவுக்கு நடுவில் வைக்கிற படம்தான். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது. எடுத்து வைத்தால் ஆயுசு கெட்டியாம்.

வயலிலிருந்தும் மீன் கடையிலிருந்தும் வருகிற கிழவிகளுக்குப் பட்டுக்கு எங்கே போக? எங்கள் ஸ்டுடியோ ஆணியில் இளம்பச்சைப் பட்டுச் சட்டை ஒன்று தொங்கும். பெரிய அளவு. போட்டுவிட்டு, முதுகுப்பக்கம் இழுத்துத் துணி கிளிப் மாட்டி இறுக்குவோம். படத்தில் முன்பக்கம்தானே தெரியும்! கிளிப் மாட்டுவது என் வேலை. மேலே இரண்டு, கீழே ஒன்று சாய்வாக. எங்கள் ஊரில் செத்த கிழவிகள் அத்தனை பேரும் ஒரே சட்டையில்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமியார் என்னிடம் மூன்று தடவை கேட்டார். "சூனிம், எனக்கும் ஒண்ணு எடேன்."

முதல் தடவை, "நூறு வயசு இருப்பீங்க, என்ன அவசரம்?" என்றேன். இரண்டாம் தடவை காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். ஆயுசு கெட்டி என்று ஊருக்கெல்லாம் சொன்னவள்தான். ஆனால் அவர் முகத்துக்கு நேராக கேமராப் பொத்தானை அமுக்க எனக்குக் கை வரவில்லை. பயம். எடுத்தால் போய்விடுவாரோ என்று பயம்.

மூன்றாம் தடவை, சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க வேற! அறுபது முட்டைக்கோஸ் உப்புல கிடக்கு. நாளைக்குப் பார்க்கலாம்."

"சரிம்மா. நாளைக்கு."

அந்த நாளை வரவேயில்லை.

டிசம்பர் ஆறு. காலை 11.20க்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டார். மூளையில் ரத்தம். அங்கேயே பின்பக்கம் சாவுக் கூடம். ஆறு மணிக்கு அஞ்சலி செலுத்த ஊரே வந்துவிடும். பூ வைத்தாயிற்று, ஊதுபத்தி வைத்தாயிற்று. நடுவில் படச் சட்டம் மட்டும் காலி.

வீட்டில் ஆல்பம் பதினொன்று. என் புருஷனும் நாத்தனார் மிஜொங்கும் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு வந்தார்கள். நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். அவர் ஒன்றில்கூட இல்லை. எடுத்தவர் அவரல்லவா! அடையாள அட்டையில் இருந்த படத்தில் முகமே கலங்கிப்போயிருந்தது.

மிஜொங் என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "அண்ணி, ஊருக்கெல்லாம் முகம் கொடுத்தவங்க... எங்கம்மா முகமே இல்லாம போகப்போறாங்களா?"

"வாயை மூடுடி. நான் கொண்டு வரேன்."

ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அவருக்கு மூட்டு வலி முற்றியதால் வசந்தத்திலேயே பூட்டியது. கரண்டும் இல்லை. எங்காவது ஒரு பழைய நெகட்டிவ் கிடைக்காதா என்றுதான் போனேன்.

மணி 3.40. வாசல் பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை. பூட்டைத் திறந்தேன்.

உள்ளே... மருந்துப் பட்டை வாசனை. அவர் மூட்டில் ஒட்டிக்கொள்வாரே, அதே வாசனை.

கேமராவுக்குப் போர்த்திய துணி தரையில் கிடந்தது. நானே போர்த்திய துணி.

திரைக்கு முன்னால் ஸ்டூல் இழுத்துப் போட்டிருந்தது.

ஆணியைப் பார்த்தேன். பச்சைச் சட்டை இல்லை.

யாரோ திருடன் என்றுதான் நினைத்தேன். "யாருடா அது?" என்றேன்.

க்ரீச்... ஸ்டூல். யாரோ உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

"சூனிம்... சட்டை தொளதொளன்னு இருக்கும்மா."

அவர் குரல்.

அதற்கப்புறம்... நினைவில்லை.

நினைவு வந்தபோது கேமராவுக்குப் பின்னால் நின்றேன். கையில் பொத்தான் ஒயர்.

ஸ்டூல் பக்கமிருந்து எண்ணிக்கை. அவர் எப்போதும் எண்ணுவது போல. மூன்று வரை போக மாட்டார். மூன்றுக்குள் முகம் விறைத்துவிடுமாம்.

"ஒண்ணு..."

"ரெண்டு..."

டக்.

வாசனை போய்விட்டது.

ஸ்டூல் காலி. கடிகாரம் பார்த்தேன். 4.15. எனக்கு ஐந்து நிமிஷம் போல இருந்தது.

கேமராவில் இருந்த பிலிமை உருவிக்கொண்டு, புருஷனின் லாரியை எடுத்துக்கொண்டு பக்கத்து டவுன் போட்டோக் கடைக்குப் பறந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கை கால்கள் தாமாகப் போயின. கடைக்காரர் கழுவிவிட்டு வெளியே வந்தார்.

"ஒரே ஒரு படம்தாங்க இருக்கு. ஆனா அருமையா வந்திருக்கு. லைட் எப்படிப் போட்டீங்க?"

கரண்டே இல்லாத ஸ்டுடியோ அது.

படத்தில் என் மாமியார். பச்சைச் சட்டை. தலை படிய வாரி, முகத்தைக் கொஞ்சம் இறக்கி, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் சட்டத்தில் மாட்டினேன். என் புருஷன் அதன் முன்னால் மண்டியிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். "எப்ப எடுத்தே?" என்று எல்லாரும் கேட்டார்கள். "கிம்ச்சி போட்ட மறுநாள்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று நானும் அழுதேன்.

மறுநாள் காலை 9.30. உடலைக் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்துகிற நேரம். சாவுக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பாங் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். இருபது வருஷமாகப் பிணம் பார்த்தவர். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நேத்து ஒண்ணு பத்துக்கு அம்மாவை நானே குளிர்பெட்டியில வெச்சுப் பூட்டினேன். ஆஸ்பத்திரித் துணியோடதான். சாவி என் இடுப்பிலயே இருக்கு. இப்பத் திறந்தா..."

ஒரு பையை நீட்டினார். உள்ளே இளம்பச்சைப் பட்டுச் சட்டை.

"அம்மா இதைப் போட்டுக்கிட்டிருந்தாங்க. தலை வேற வாரியிருக்கு. முதுகுல துணி கிளிப். தானா மாட்டிக்கிற இடமா அது? அக்கா, யாரு வந்தது?"

"எத்தனை கிளிப்?"

"மூணு. மேல ரெண்டு, கீழ ஒண்ணு..."

"சாய்வாவா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் விரல்களை மோந்து பார்த்தேன். மருந்துப் பட்டை வாசனை அடித்தது.