பத்து மணி மாத்திரை

எங்கள் அண்ணியைத் தொழிற்சாலையில் எல்லோரும் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக் காலர் தைப்பதில் அவளை மிஞ்ச அந்த வரிசையில் ஆள் கிடையாது. பக்கத்து மெஷினில் காஜா போடுகிறவள் நான், அவள் புருஷனின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையுமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? நாங்கள் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் உண்டானாள். எங்கள் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஐந்தாம் மாதத்தில் புயல் ஓய்ந்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"என்னம்மா, புயல் கரையைக் கடந்திடுச்சா?" என்று சூப்பர்வைசர் கிண்டலடித்தார்.

"வாயும் வயிறுமா இருக்கறவகிட்ட பேசுற பேச்சா சார் இது?" என்று கேட்டுவிட்டேன். அவர் நழுவிவிட்டார். ஆனால் வெளிச்சத்தில் பார்த்தபோது அவள் உதடு வெளுத்துப்போய்த்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டியது எட்டுதான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, "தினமும் ஒண்ணு, மறக்கக் கூடாது" என்றார்கள். அவ்வளவுதான். பின்னால் அத்தனை கூட்டம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. இல்லை, சொல்லத்தான் செய்வேன். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

மறக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் போட்டால் அவளுக்குக் குமட்டும். அதனால் பத்து மணி இடைவேளையில் கொடுத்தேன். அது பத்தே நிமிஷம். தண்ணீர்க் குழாய் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது, போய் வருவதற்குள் மணி அடித்துவிடும். டீ மட்டும் மெஷினுக்கே வந்துவிடும். "வாயைத் திறங்க அண்ணி" என்று மாத்திரையைப் போட்டு, டம்ளரை நானே நீட்டுவேன். நல்ல கெட்டி டீ. என் பங்கிலும் பாதியை அவளுக்கே ஊற்றிவிடுவேன்.

"பெத்தவகூட இப்படிப் பாத்துக்க மாட்டாடி" என்பாள். எனக்குப் பெருமை பிடிபடாது.

எட்டாம் மாதம் மறுபடி பார்த்தார்கள். ஏழு.

"மாத்திரையைக் குப்பையில போடுறியா?" என்று டாக்டரம்மா அவள்மேல் எரிந்துவிழுந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என் கையால குடுத்திருக்கேன் மேடம், தினமும், டீயோட!"

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "டீயோடவா? ஐயோ, டீ அந்தச் சத்தை உடம்புல சேர விடாதும்மா. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும்."

அண்ணி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். அன்றைக்கே படுக்க வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். ஆனாலும் குழந்தை மூன்று வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண். எடை இரண்டு கிலோகூட இல்லை.

குழந்தை எட்டு மாதத்தில் உட்காரவில்லை. ஒன்றரை வயதில் நிற்கவில்லை. கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பும், அழுகைகூட முனகலாகத்தான் வரும். "சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அது உண்மையாக இருக்கட்டும் என்று நான் வேண்டாத நாளில்லை.

ஒருநாள் குழந்தைத் துணியை அலசிக்கொண்டிருந்தபோது உடைந்துவிட்டேன். "நான்தான் அண்ணி. நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் துணியைப் பிழிந்து முடித்தாள். பிறகு சொன்னாள். "சில நேரம் உன்னைப் பாக்கவே பிடிக்கலைடி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா குடிச்சது நான். டீயோட கூடாதுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் யாரு சொன்னா?"

மறு வாரம் குழந்தையைப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸம்மா பாயில் உட்கார வைத்து மரக்கட்டைகளைக் காட்டினார். குழந்தை ஒன்றை எடுத்தது, வாயில் வைத்தது, கீழே விட்டது. விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கும் சோகை.

"அம்மாவுக்கு ரத்தம் குறைஞ்சது ஒரு காரணமா இருக்கலாம். அது மட்டும்தான்னு சொல்ல முடியாது" என்றார் நர்ஸம்மா.

"சரியாயிடுமா?" என்று கேட்டேன்.

"இப்பவே ஆரம்பிச்சா முன்னேற்றம் வரும். எவ்வளவு வரும்னு தெரியாதும்மா."

அண்ணி அழவில்லை. "நாளைக்குக் காலையில நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க" என்றாள்.

தரையில் விட்டு விளையாட்டுக் காட்ட வேண்டும், நாள் முழுக்கப் பேச்சுக் கொடுக்க வேண்டும், இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தர வேண்டும் என்று சொல்லி, நர்ஸம்மா சின்ன பாட்டில் ஒன்றை நீட்டினார். அண்ணி அதை வாங்கி என் கையில் திணித்தாள்.

"நீயே குடு" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸம்மா பக்கம் திரும்பினேன். "எத்தனை சொட்டு? எப்போ? எதோட குடுக்கக் கூடாது? எல்லாத்தையும் சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அவர் கடைசி வார்த்தைவரை சொல்லி முடிக்காமல் நான் அங்கிருந்து நகரவில்லை.