ரத்தம் இருந்த இடம்

காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஒருமுறை அப்படி ஓடியவர்களில் நானும் ஒருவன். என் தவறு அதற்குப் பிறகு வருகிறது.

தொண்ணூற்றொன்றில் எனக்கு முப்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பொறியியலும் அதன்மேல் போக்குவரத்துத் திட்டமிடலும் படித்தவன் என்பதால், சாலை வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் புதிதாக ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் எங்கெங்கே விபத்து நடக்கிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். அந்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் என்றால் உலகத்துக்கு வேறொரு சாவு நினைவுக்கு வரும். என் மேசைக்கு வந்தவை யாரும் பேசாத சாவுகள்.

கணினி கிடையாது. நில வரைபடத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி, காவல் நிலையப் பதிவுகளில் எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் என்று எழுதியிருக்கிறதோ அங்கே ஒரு குண்டூசி குத்துவேன். சாவுக்குச் சிவப்புத் தலை, காயத்துக்கு மஞ்சள். சில ஆண்டுப் பதிவுகளைக் குத்தி முடித்தபோது, ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏரியை அடுத்த ஒரு பஸ் நிறுத்தத்தில் ஊசிகள் கொத்தாக நின்றன. மற்ற இடங்களில் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடந்தன. நான் படித்த புத்தகங்களில் இருந்த படம் மாதிரியே இருந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை வேறு சொல் போட்டு மூடப் போவதில்லை.

மேலதிகாரி வந்து பார்த்தார். அவருக்கும் மேலே இருந்தவரை அழைத்து வந்து காட்டினார். அந்தப் பெரியவர் கொத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு, இவ்வளவு நாள் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று என் தோளைத் தட்டினார். நிறுத்தத்தில் சாலையை அகலப்படுத்துவது, வேகத்தடை போடுவது, விளக்கு வைப்பது என்று நின்ற நிலையிலேயே முடிவாயிற்று. அளவெடுத்து வர என்னை அனுப்பினார்கள்.

போய்ப் பார்த்தால் நிறுத்தம் நேர்ச்சாலையில் இருந்தது. இரண்டு பக்கமும் வெகுதூரம் தெரிந்தது. இங்கே எப்படி இத்தனை பேர் அடிபடுவார்கள் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சாலையோரமாக ஒரு கீற்றுக் கொட்டகை டீக்கடை. புருஷனும் பெண்சாதியும் நடத்தினார்கள். குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப் போகும் லாரிக்காரர்களும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் வாடிக்கை. கடைக்கு முன்னால் ஒரு நீளமான பெஞ்சு. அதில் உட்கார்ந்து டீயை வாங்கும்போது ஏரிக்கரைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

கொஞ்ச தூரத்தில் சாலை ஏரிக்கரையை ஒட்டித் திரும்புகிறது. கரை உயரமாக இருப்பதால் எதிரே வருவது தெரியாது. கடைக்காரர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எங்களை எழுப்பினார். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் ஓடினோம். மொபெட்டில் வந்தவன் வளைவில் கிடந்தான். லாரி நிற்காமல் போய்விட்டது. அந்த வளைவில் பஸ்ஸை நிறுத்த முடியாது. ஆகவே அடிபட்டவர்களைப் பெஞ்சில் கிடத்தி நிறுத்தத்துக்குத் தூக்கி வந்து, வருகிற பஸ்ஸில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவது அங்கே பழக்கமாகிவிட்டிருந்தது. அவன் கனமாக இருந்தான். பெஞ்சின் ஒரு மூலை என் கையில் இருந்தது. தொங்கிய அவன் கை நடை முழுவதும் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

பஸ் போன பிறகு கடைக்காரர் பெஞ்சின்மேல் வாளித் தண்ணீரைக் கொட்டித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தார்.

"நம்ம பெஞ்சிதான் சார் இந்த ரோட்டுக்கு ஆம்புலன்சு. டீசலு கூட ஊத்த வாணாம்" என்றார்.

மொபெட்டையும் உருட்டி வந்து கடையோரம் சாத்தினார்கள். வளைவில் விட்டால் சக்கரம்கூட மிஞ்சாதாம். காவலர் வந்தபோது ரத்தமும் வண்டியும் கடைக்கு முன்னால் இருந்தன. எங்கே நடந்தது என்று கேட்டார். இங்கேதான் என்றார்கள். இங்கே என்றால் ரத்தத்தையும் வண்டியையும் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார். வளைவு என்று சொன்னால், பார்த்தது யார் என்ற கேள்வி வரும். பார்த்தவன் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும். காவலர் என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் டீக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் எல்லாம் விளங்கிவிட்டது. என் வரைபடத்தில் கொத்தாக நின்றவர்கள் அங்கே அடிபட்டவர்கள் அல்லர், அங்கே கொண்டுவந்து கிடத்தப்பட்டவர்கள். அந்த ஊசிகளைப் பிடுங்கி வளைவில் குத்த வேண்டும். கரையை ஒதுக்கி வளைவை நிமிர்த்த வேண்டும். அதைச் சொல்லப் படித்தவன் அந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான்.

சொல்லவில்லை. தோளைத் தட்டிய கையை நினைத்தேன். பதிவுகளை நேரில் போய்ச் சரிபார்க்காமலே கொத்தைக் காட்டிவிட்டான் என்று பேசுவார்களே என்று நினைத்தேன். மொபெட்காரன் வழியிலேயே இறந்திருந்தான். அவன் பதிவு வந்தபோது, சிவப்பு ஊசியை எடுத்து நிறுத்தத்தில் குத்தினேன். வளைவில் அவனைத் தூக்கியவனே குத்தினேன்.

அகலப்படுத்த இடம் வேண்டியிருந்தது. கடையை எடுக்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். இடிக்கிற அன்று மேற்பார்வைக்கு நான் போக வேண்டியதாயிற்று. கடைக்காரரின் பெண்சாதி கையைக் கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். அழவில்லை.

"இங்க எவனும் அடிபடலீங்க சார். அடிபட்டவனத்தான் இங்க தூக்கினு வராங்க. கடை இன்னா பண்ணிச்சி?"

பதிவில் இந்த இடம்தான் இருக்கிறது, நான் என்னம்மா செய்வது என்றேன்.

அவள் புருஷன் அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"நீயுந்தான சார் ஒரு மூல புடிச்ச."

கூட வந்திருந்த ஆட்களில் யாருக்கும் அது புரியவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். பெஞ்சை யாரோ விறகுக்கு வாங்கிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வேகத்தடை வந்தது, விளக்கு வந்தது. பஸ் நிறுத்தத்தை இன்னும் தள்ளி அகலமான இடத்துக்கு மாற்றினார்கள். கடையும் இல்லை, பெஞ்சும் இல்லை, தூக்கி வர ஆளும் இல்லை. பழைய நிறுத்தத்தில் புதிதாக ஓர் ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. வளைவில் சின்னச் சின்னக் காயம் பட்டவர்கள் தாங்களே எழுந்து, தெரிந்த வண்டியில் ஏறிப் போனார்கள். அவர்கள் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. மேலே இருந்தவர் பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டத்தில் காட்டினார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கடை போன பிறகு கடைக்காரர் டீக் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குவாரிக்குப் போய் விற்றுவந்தார். முன்பு அவருக்கு அந்த வளைவைத் தாண்ட வேண்டிய தேவையே இருந்ததில்லை. இப்போது தினமும் போக வர இரண்டு முறை. ஒருநாள் லாரி அடித்தது. யாரும் தூக்கவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்து இறந்தார். காவலரும் சரியாக அந்த இடத்தையே எழுதியிருந்தார். பதிவில் ஊரையும், டீ வியாபாரம் என்பதையும், கேனையும் படித்துத்தான் அவர் என்று தெரிந்துகொண்டேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். வளைவைக் கவனிக்க வேண்டும் என்றேன். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒத்தை ஊசிக்கெல்லாம் ரோட்டை நிமிர்த்த முடியுமா?"

ஒற்றை ஊசி இல்லை சார், பழைய கொத்து முழுவதும் அங்கே இருக்க வேண்டியது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கைதட்டு வாங்கிய வரைபடம் பொய்யாகிவிடும், அவ்வளவுதான். முதல்முறை அவசரத்தில் வாய் திறக்கவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த முறை யோசிக்க நேரம் இருந்தது. முடியாதுதான் சார் என்றேன்.

மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். புதிய நிறுத்தத்தில் ஒரு கடை போட்டுக்கொள்ள யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கேட்கவேண்டுமாம். வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது. என் பெயரும் தெரியாமல், மேப்பு போடற சாரு என்று விசாரித்திருக்கிறாள். பியூன் வந்து சொன்னான். வெளியூர் கேம்ப் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவன் போய்ச் சொன்னான். அவள் போகவில்லை, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். கடைசிப் பஸ் போய்விடும் என்று வாட்ச்மேன் அவளை எழுப்பி அனுப்பும்வரை நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை.