ஒரே விலையில் இரண்டு கிட்டார்

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் என் தாய்மாமா, கிட்டார் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். கூடவே அவரும் கடைக்கு வருவார் என்று நான் யோசிக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்து, என் குட்டைக் கைக்குச் சின்ன உடம்புள்ள கிட்டார்தான் தோது என்று முடிவு செய்திருந்தேன். விருதுநகர்க் கடையில் பெரியதை மடியில் வைத்தால், அதன் விளிம்பு அக்குளில் இடித்தது. கம்பிக்குக் கை எட்டவில்லை. சின்னது பூனைக்குட்டி போல உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஒரே விலை. அங்கேதான் வந்தது வினை.

"ஒரே விலைக்குப் பெருச விட்டுட்டுச் சிறுச எடுக்க நமக்கென்ன கிறுக்கா? சத்தம் அம்புட்டும் வயித்துக்குள்ளதான இருக்கு?" என்றார் மாமா.

"நான் வாசிக்கணும் மாமா. தெருவுல வச்சு வெடிக்கவா போறேன்?"

"நீ வளர மாட்டியா புள்ள?"

"காலேஜ் கடைசி வருசம் படிக்கேன். இனிமே எங்கன வளர?"

கடைக்காரர் சிரிப்பை அடக்க ஆர்மோனியத்தைத் துடைத்தார். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். வளர்ச்சிக்கு வழியில்லை என்று தெரிந்ததும் அரைமனதாகச் சம்மதித்தார்.

ஆனால் கடைக்காரர் அதைப் பெட்டிக்குள் வைக்கப் போனதும் மாமா தடுத்துவிட்டார்.

"பெரிய கிட்டார் பெட்டியில வைங்க. சுத்தி நெறைய பேப்பரத் திணிங்க. வீட்டுல பாக்குறவுக என்ன நினைப்பாக?"

தீபாவளிக்கு அவர் கம்பெனி அனுப்பும் கிப்ட் பாக்ஸும் அப்படித்தான். இத்தனை நாள் வாடிக்கையாளர்களைத்தான் ஏமாற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். பாவம், பெட்டி பெரிதாக இல்லாவிட்டால் அவருக்கே மனசு ஆறாது.