எடை குறைந்த பேட்டரி

என் வீட்டுக்காரருக்குத் துணியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு மனுஷரோடு பேசத் தெரியாது. கல்யாண வீட்டில் டீ-சர்ட் போட்ட இளவட்டம் யாராவது சிக்கிவிட்டால், குசலம் விசாரிக்கிற சாக்கில் அவன் சட்டை நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார். "நூத்தி அறுபதுன்னு சொல்லிக் குடுத்திருப்பானுங்க கண்ணு, நூத்தி நாப்பதே தாண்டாது" என்பார். அந்தப் பையன் விழிப்பான். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்திக்குப் போவேன். வேட்டி அவிழ்ந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்களுடையது பனியன் கம்பெனி. அந்தத் தொழிலில் எடைதான் எல்லாம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜி.எஸ்.எம். என்பார்கள். ஆர்டரில் ஒரு எடையைச் சொல்லிவிட்டு, துணியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு எடையைக் குறைத்தால் அதே நூலில் கூடுதல் பீஸ் கிடைக்கும். செய்கிறவர்கள் செய்தார்கள், மாடி மேல் மாடியும் கட்டினார்கள். இவர் செய்யவில்லை. துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டுகிற கட்டரும் அதை நிறுக்கிற குட்டித் தராசும் இவர் மேசையை விட்டு நகராது. எடை குறைந்து வந்த ரோலை வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டார். "எடை கொறஞ்சா அது துணியில்ல அம்மிணி, பொய்யி" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் பிரசங்கம் செய்வார். தக்காளி, தேங்காய், அரிசி மூட்டை, எதுவாக இருந்தாலும் ஒருதரம் கையில் தூக்கிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. எங்கள் மகள் பிறந்தபோது நர்ஸ் கொண்டுவந்து கையில் கொடுத்ததும் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மேலும் கீழுமாக அசைத்துவிட்டு, "நல்லா கனமாத்தான் இருக்குது" என்றார். அதைச் சொல்லிச் சொல்லியே அவரை நான் பல வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது தெரியாவிட்டால், பேட்டரிக் கடையில் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று உங்களுக்குப் புரியாது.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. சர்க்கரைதான் காரணம் என்றார்கள். கம்பெனியைச் சாத்தினோம். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாகப் போயின. வேலம்பாளையத்தில் எங்கள் வீடு மாடியில், கம்பெனி கீழே. காலியான கீழ்த்தளத்தை, துணி வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்டை மூட்டை போடுகிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டோம். மூட்டை ஏற்றி இறக்குகிற வடநாட்டுப் பையன்கள் நாள் முழுக்க அங்கே இந்தியில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம். ஆக, வாரத்துக்கு மூன்று நாள் அவரை டயாலிஸிஸுக்குக் கூட்டிப்போக நான்தான். ஐம்பதைத் தொடுகிற வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா, மெதுவா" என்று உயிரை வாங்குவார். "நீங்களே ஓட்டறீங்களா?" என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

டயாலிஸிஸ் என்றால் முதலில் எடைதான். போனதும் மிஷின் மேல் ஏறி நிற்க வேண்டும். உடம்பில் எத்தனை தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். எடை கூடியிருந்தால் சிஸ்டர் திட்டும். "அய்யா, தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டீங்களா?" என்று அந்தச் சின்னப் பெண் கேட்கும்போது இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். ஊரையே எடை போட்ட மனுஷன். எனக்கு அந்த மிஷினைத் தூக்கிச் சாக்கடையில் எறியலாம் போல இருக்கும்.

ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்றதோடு சரி. பேட்டரி போய்விட்டது. ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். அதில் குலுங்கினால் அவருக்கு வாந்தி வரும், அதனால் வேண்டாம் என்றார். கீழே மூட்டை கட்டிக்கொண்டிருந்த பையன்கள் நான் கூப்பிடாமலே ஓடிவந்து தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தள்ளுகிற பையன்கள் "ஹையா, ஹையா" என்று கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பையன்கள்தானே. ஆனால் அது இவர் வாசல். ஒரு காலத்தில் இவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மிஷின் சத்தம் கூடும், பேச்சுச் சத்தம் குறையும். அவர் நேரே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஊசியெல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வண்டி மறுபடியும் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வாட்ச்மேனையும் வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களையும் கெஞ்சித் தள்ளவைத்து, எஞ்சினை நிறுத்தாமல் நேரே பேட்டரிக் கடைக்கு விட்டேன். டயாலிஸிஸ் முடிந்த ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார்கள். கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார், இவர் அதில் சாய்ந்தார்.

வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் வண்டியை எடுப்பது என்று சொன்னேன். கடைக்காரர் இரண்டு பேட்டரிகளைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். ஒன்றை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொன்றை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து இறக்கினார்.

"இது வெயிட் கம்மிங்க அண்ணா. உள்ள பிளேட் கொஞ்சந்தான். தெனமும் ஓட்டற வண்டின்னா ஒண்ணும் பண்ணாது. ஆனா உங்க வண்டி நிக்கறதுதான ஜாஸ்தி? இது சீக்கிரம் படுத்துக்குமுங்க. வாரண்டியும் கம்மி. இந்தப் பெரிசுதான் உங்க வண்டிக்கே வர்றது. எடுத்தா நாலஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாமுங்க."

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் கைப்பையைத் திறந்தேன். அதற்குள் இவர் எழுந்து மேசைக்கு வந்துவிட்டார். இடது கையில் டயாலிஸிஸ் ஊசி போடுகிற இடம், அதனால் வெயிட் தூக்கக்கூடாது. வலது கையால் சின்ன பேட்டரியை ஒருதரம் தூக்கி, மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது பார், கடைக்காரருக்குப் பிரசங்கம் ஆரம்பிக்கப்போகிறது என்று நினைத்தேன். எடை குறைந்ததை இவர் மூஞ்சிக்கு முன்னால் வைக்கலாமா?

"இதையே மாட்டிருங்க" என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டது. இருந்தாலும், "எதைங்க?" என்றேன்.

"இதுதான் அம்மிணி. சின்னது போதும்."

"ஏனுங்க, அவரு சொன்னது காதுல உளுந்துதுங்களா? உள்ள ஒண்ணுமில்லைங்கறாரு. சீக்கிரம் போயிருமாமா."

"போவட்டும். அதுவரைக்கும் தாங்கினாப் போதும்."

எதுவரைக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கவே தேவையில்லை. எடை குறைந்த ஒரு ரோல் துணியைக் கூட வாசலுக்குள் விடாத மனுஷன், எடை குறைந்ததைக் கையில் தூக்கிப் பார்த்து, தெரிந்தே இது போதும் என்கிறார். அவர் வாழ்க்கையை அளந்து முடித்துவிட்டார் என்று அந்தக் கடையில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும், பிறவிக் குணம். "உங்களுக்கு மூளையும் போயிருச்சுங்களா?" என்று கத்தினேன். "வண்டி ஓட்டறது நானு. நடுரோட்டுல நின்னா நாலு பேர்த்தக் கெஞ்சறது நானு. உங்க இஷ்டத்துக்கு அதுவரைக்கும் இதுவரைக்கும்னுட்டு!" ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர், பாவம், டிஸ்டில்டு வாட்டர் கேன்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். இவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"பெரிசையே மாட்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் இவர் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். பெரியதைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார். மாட்டி முடித்துக் குங்குமம் வைத்தார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

வீட்டுக்கு வந்து படுத்தவர் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தார். காபியை நான் அளந்துதான் கொடுக்க வேண்டும், அரை டம்ளர். அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

"ஒரு நாளு ஊசியில கெடக்கறேன். அன்னைக்குப் பூராம் படுத்துக்கறேன். அடுத்த நாளு கொஞ்சம் மனுசனா எந்திரிக்கறேன். அதுக்கடுத்த நாளு மறுபடியும் அங்க போயி எடை மிஷின் மேல நிக்கறேன். எதுக்கு அம்மிணி இது? டாக்டருகிட்டக் கேட்டேன். நிறுத்துனா என்ன ஆகும்னு சொன்னாரு. பரவால்லைங்கன்னு சொன்னேன்."

என்னிடம் சொல்வதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் முதலில் சுட்டது. அழுதேன், திட்டினேன், மகளுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டினேன். "உங்களுக்கு வேண்டாம்னா போங்க, எனக்கு நீங்க வேணும்" என்றும் சொன்னேன். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்வதும் இல்லை. அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கையை வைத்தார்.

"சேரி, வர்றேன்" என்றார்.

வந்தார். எனக்காகத்தான் வந்தார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வழியில் தமாஷ் வேறு. "பெரிய பேட்டரி வாங்கிப் போட்டுட்ட. அது தீர்ற வரைக்கும் ஓட்டி ஆவோணுமல்ல?" என்பார். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு சிக்னலில் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். அவருடைய கால் வீக்கம் கூடிக்கொண்டே போனது. மிஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்கி மயங்கிவிடுவார், பாதியில் நிறுத்துவார்கள். ஊசி போட இடம் கிடைக்காமல் சிஸ்டர் குத்திக் குத்தி எடுக்கும். அவர் கத்தமாட்டார், பல்லைக் கடித்துக்கொள்வார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எனக்குச் சில நாள், வேண்டாம் விட்டுவிடலாமே என்று தோன்றும். தோன்றியதும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்.

பங்குனி வெயில் ஆரம்பித்த சமயம். டயாலிஸிஸ் நாள். இட்லியை டப்பாவில் போட்டேன். அவருக்கு அங்கே ஏசியில் குளிரும் என்று போர்வையையும் பையில் வைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டு, "போட்டுட்டு வாங்க, நா வண்டிய எடுக்கறேன்" என்று சொல்லிப் பையோடு கீழே போனேன். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. அவர் வருவதற்குள் உள்ளே குளிரட்டும் என்று ஏசியைப் போட்டேன்.

வரவில்லை. ஹாரன் அடித்தேன். மூட்டை தூக்குகிற பையன்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். மறுபடி அடித்தேன். எஞ்சினை நிறுத்தாமல் மேலே போனேன்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வெறும் உடம்பு. சட்டை நாற்காலியிலேயே இருந்தது. நான் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நேரமாவுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "இனி முடியாது கண்ணு" என்றார். என்னை அம்மிணி என்பார், ஏம்புள்ள என்பார், கண்ணு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீங்கிப் போயிருந்தது, என் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்தது. என்னென்னவோ சொன்னேன். மகள் பேரைச் சொன்னேன், சாமி பேரைச் சொன்னேன். கடைசியில் ரொம்ப மெதுவாக, "வண்டி ஓடிட்டிருக்குது. போயி ஆஃப் பண்ணிட்டு வா" என்றார்.

கீழே இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்தேன். உள்ளே நன்றாகக் குளிர்ந்துவிட்டிருந்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது, அதில் எந்தக் குறையும் இல்லை. ஓடுகிற வரைக்கும் அவர் மனசு மாறி இறங்கி வரலாம் என்று ஒரு நப்பாசை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் யாரும் வரவில்லை. அவரை இனிமேலும் அந்த மிஷினில் ஏற்றி நிறுத்த என்னால் முடியாது என்று தெரிந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். பெட்ரோல் வாசம் கொஞ்ச நேரம் இருந்தது. பையிலிருந்த போர்வையை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.