வாளுக்கு மேசை ஏது

திரைச்சீலை அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். ஜன்னலின் நீள அகலத்தைச் சொல்லித் துணியைக் கொடுத்தால் தலையாட்டுவாள். தைத்து, மடித்துக் கையில் கொடுக்கும்போது மறுபடியும் தலையாட்டுவாள். "துணியோட சேத்து வாயையும் தைச்சுக்கிட்டாங்க எங்க அண்ணி" என்பது நாத்தனாரின் பழைய கேலி. வாய் போன இடத்தில் கண் வந்து உட்கார்ந்திருந்தது. யார் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்பதெல்லாம் துணி கொடுக்கிற கையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் புருஷன் கை நடுங்குவது தெரியாமல் போகுமா?

அவர் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஆளை விழுங்குகிற இருட்டுக் குழிக்குள் இறங்கி, பல்லில் விளக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் தொங்கி மறு கையால் திருகாணி முடுக்கியவர். வேலையிலிருந்து நின்ற வருஷம் அந்த மறு கை ஆடத் தொடங்கியது. முதலில் தேநீர்க் கோப்பை தட்டின் மேல் கிலுகிலுத்தது. பிறகு சட்டைப் பட்டன். ஒரே ஒரு பட்டனோடு அவர் வெகுநேரம் மல்லுக்கட்டுவதைக் கதவிடுக்கில் பார்த்தாள். அன்று மத்தியானமே அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்து, பட்டன்களை மேலே வெறும் அழகுக்குத் தைத்துவிட்டு, அடியில் ஒட்டுப்பட்டி வைத்தாள். அமுக்கினால் ஒட்டும், இழுத்தால் பிரியும். மறுநாள் அவர் சட்டையைப் போட்டார். அடியில் ஏதோ ஒட்டியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்த விஷயத்தைப் பேசியது அவ்வளவுதான். டாக்டர் ஏற்கெனவே கையை விரித்திருந்தார். மாத்திரை கொஞ்சம் அடக்கும், ஆனால் போகாது, மெல்ல மெல்ல ஏறத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டார்.

அவருக்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். பலகைக் கிடங்கின் பின்முற்றத்தில் சிலர் கூடுவார்கள். பச்சை மூங்கிலை ஒரு மரக்கட்டையில் செருகி நிற்க வைத்து, ஒவ்வொருவராக வாளால் சாய்வாக வெட்டுவார்கள். அதில் சண்டையும் இல்லை, பந்தயமும் இல்லை. வெட்டு சுத்தமாக விழுந்தால் மேல் துண்டு ஒரு கணம் அப்படியே நிற்கும், வெட்டுப்பட்டதே தெரியாதது போல. அப்புறம்தான் வழுக்கி விழும். அந்த ஒரு கணத்துக்காகவே ஒரு வேன் ஓட்டுநரும் ஒரு பல் டாக்டரும் ஒரு பள்ளி ஆசிரியையும் வாரம் முழுவதும் காத்திருந்தார்கள். ஆசிரியைதான் குழுவுக்குத் தலைவி.

"வெங்காயம் நறுக்கச் சொன்னா விரலை நறுக்கிக்கிற ஆளு. அவருக்கு வாளு ஒரு கேடா?" என்றாள் நாத்தனார்.

"வெங்காயம் நின்னு குடுக்காதும்மா. மூங்கில் நிக்கும்" என்றார் அவர்.

ஞாயிறு மாலை அவர் நேராக உட்கார்ந்து சாப்பிடுவார். மற்ற நாட்களில் தட்டைப் பார்த்துக் குனிந்திருப்பார். அது போதாதா அவளுக்கு? ஆனால் குழுவின் பொது வாளுக்குப் பிடி தளர்ந்துவிட்டது. இனி அவரவர் வாளை அவரவர் கொண்டுவர வேண்டும் என்றார் தலைவி.

"நீயும் வா. கத்தரி எடுக்கிற கை, இரும்பு எது தகரம் எதுன்னு தெரியும்" என்று புருஷன் அவளையும் கடைக்கு அழைத்துப் போனார்.

கத்திக்கடைக்காரர் மேசையில் ஒரு கம்பளத் துணியை விரித்து இரண்டு வாள்களை வைத்தார்.

"சார் சுருட்டி நிறுத்தின கோரைப்பாய் வெட்டுறீங்களா, மூங்கிலா?"

"மூங்கில்."

"அப்ப வெட்டுற விளிம்பு ரொம்ப மெல்லிசா வேண்டாம். பச்சை மூங்கில்ல பட்டா செதில் செதிலா போயிடும். இது ரெண்டுமே மூங்கில் தாங்கும். இதுல கனம் பிடிக்குப் பக்கத்துல இருக்கு. கைக்கு லேசா இருக்கும், நினைச்ச எடத்துல நிக்கும். அதுல கனம் முனைப் பக்கம். தானாவே இறங்கும், ஆனா நிறுத்துறதுக்குக் கை வேணும். சாருக்குக் கை எப்படி?"

அவருடைய வலது கை கால்சட்டைப் பைக்குள் போனது. கடைக்காரரின் பார்வை அவளிடம் வந்தது. அவர் மனிதர்களின் கையைப் பார்த்தே பிழைக்கிறவர். பைக்குள் போன கை அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான். இத்தனை காலம் பட்டனுக்கு அடியில் மறைத்துத் தைத்ததை ஒரு கடையில், அந்நிய மனிதர் முன்னால், எப்படிப் பிரித்துப் போடுவது?

"எதும்மா எடுக்கலாம்?" என்று புருஷன் அவளைக் கேட்டார்.

அவள் முனை கனமானதைக் காட்டினாள்.

யோசிக்காமல் காட்டவில்லை. அவளிடம் இரண்டு கத்தரிகள் இருந்தன. சின்னது துள்ளும், களைப்பில் கை ஆடினால் கோடு கோணலாகிவிடும். பெரிய இரும்புக் கத்தரியோ கையையே அடக்கும். கை எப்படி ஆடினாலும் அது தன் வழியே போகும். லேசானது நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும், கனமானது மறைக்கும் என்பது அவள் கணக்கு.

"தைக்கிறவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். பைக்குள்ளிருந்து கை வெளியே வரவில்லை. வாளை அவள்தான் சுமந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் போனாள். முற்றத்தில் மரத்தூள் வாசனை. அவர் முறை வந்தது. வாளை உயர்த்தியபோது முனை ஆடியது, எல்லோரும் பார்த்தார்கள். இறங்கும்போது ஆடவில்லை. மூங்கிலின் மேல் துண்டு அப்படியே நின்றது. தன் கணக்கு பலித்துவிட்டது என்று அவள் நினைத்த அதே கணத்தில், வாள் நிற்கவில்லை. மூங்கிலைத் தாண்டிச் சரிந்து இறங்கி, அவருடைய இடது காலணியின் ஓரத்தைச் சீவிக்கொண்டு மண்ணில் புதைந்தது. அதற்குப் பிறகுதான் மூங்கில் துண்டு வழுக்கி விழுந்தது.

வேன் ஓட்டுநர் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். "ரப்பர் மட்டுந்தாண்ணே போயிருக்கு. விரல் எல்லாம் எண்ணிக்கை சரியா இருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவி மண்ணிலிருந்து வாளை எடுத்துத் துடைத்தார். "வெட்டு ரொம்ப சுத்தம்ணே. நீங்க கொஞ்சம் உக்காந்து பாருங்க" என்றார். குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. புருஷன் வெட்டுப்பட்ட துண்டை எடுத்து வந்து அவளிடம் காட்டினார்.

"பாத்தியா, கண்ணாடி மாதிரி இருக்கு."

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் வாளுக்கு உறை தைக்கத் தடித்த துணியை மேசையில் விரித்து, பெரிய கத்தரியை ஓட்டினாள். பாதி வழியில் கை நின்றது. கத்தரியின் கீழ் அலகு மேசையில் படுத்துக் கிடந்தது. அத்தனை கனத்தையும் மேசைதான் தாங்கியது. அவள் கையை அடக்கியது கத்தரி அல்ல, மேசை. வாளுக்கு மேசை ஏது? மூங்கிலுக்குக் கீழே காற்று, காற்றுக்குக் கீழே அவர் கால்.

"என்னங்க, அந்த லேசானதை மாத்தி வாங்கிக்கலாமா?"

நாற்காலியில் இருந்தவர் நிமிரவில்லை. "வாளு மேல தப்பு இல்ல."

அவள் வெட்டிய துணியைத் தையல் இயந்திரத்தில் வைத்து மிதித்தாள்.

"உறைக்கு ஒட்டுப்பட்டி வெக்காத" என்றார். "பட்டன் வை. நிஜப் பட்டன்."

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"பெரிய பட்டனாங்க?"

"சட்டைக்கு வெக்கிற அளவு போதும். அதை நானே திறக்க முடிஞ்சாத்தான் வாளைத் தொடுவேன்."

அவள் தைத்தாள். துளைகளைத் தளர்வாக விடலாமா என்று கை ஆசைப்பட்டது. அப்படி விட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். இறுக்கமாக விட்டாலும் தெரிந்துவிடும். கடைசியில் எல்லோருக்கும் தைக்கிற அளவில் தைத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை அவர் குளித்து, சீவப்பட்ட காலணியையே போட்டுக்கொண்டு, வாள் இருந்த உறையை மடியில் வைத்து முன்னறையில் உட்கார்ந்தார். முதல் பட்டனில் விரல் வைத்தார். அவள் அடுப்படி வாசலில் தேநீரோடு நின்றாள். பட்டன் துளை வரை வந்தது, நழுவியது, மறுபடி வந்தது. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே நாலு எட்டு தூரம்கூட இல்லை. போய்த் திறந்துகொடுத்தால் அவர் வாளோடு முற்றத்துக்குப் போய்விடுவார். போகாமல் நின்றால் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

அவர் கூப்பிடவில்லை. அவள் கையிலிருந்த கோப்பை தட்டின் மேல் கிலுகிலுத்தது. அவள் அதை மெல்லக் கீழே வைத்தாள்.